மந்திரி ஹானின் முப்பத்திரண்டு ஞாயிறுகள்

நாற்பத்தோராம் பாகத்தின் இருபத்திரண்டாவது நிமிடத்தில் மந்திரி ஹான் தன் அங்கியின் கைக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, நோயில் கிடந்த இளவரசரின் கசாயக் கிண்ணத்துக்குள் கொட்டினார். கமரா கிண்ணத்துக்கு நேர்மேலே வந்து நின்றது. வெள்ளைத் தூள் மிதந்து, சுழன்று, கரைந்தது. மந்திரி சிரித்தார்.

சந்திரசேகரன் மாஸ்ரர் படத்தை நிறுத்தினார். பின்னுக்கு ஓட்டி மறுபடி பார்த்தார். மூன்றாம் தரம் பார்த்தபோதும் அது நஞ்சாகத்தான் இருந்தது. அடுத்த காட்சியில் நஞ்சைச் சோதிக்க விட்ட வெள்ளிக் கரண்டி கறுத்தது. இளவரசரின் வாயோரம் இரத்தம் வழிந்தது. அதற்கு மேல் அவர் பார்க்கவில்லை.

முப்பத்திரண்டு கிழமையாக அந்த மந்திரியை நல்லவனாக வைத்திருந்தவர் அவர்தான். வெறும் வார்த்தையால் வைத்திருந்தார். இப்போது படமே வாய் திறந்துவிட்டது.

அது 2007 ஒக்ரோபர், ஒரு புதன்கிழமை பின்னேரம். தொழிற்சாலையில் காலை வேலை முடித்து வந்து, சேட்டில் கராம்பும் சோம்பும் மணக்க, சமையலறை மேசையில் இருந்தார். நத்தார் பண்டிகைப் பிஸ்கற்றுக்கு ஜெர்மனியின் ஆஹென் நகரமே பேர்போனது; ஆவணியிலிருந்தே பெட்டி அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். அங்கே அவர் வெள்ளைத் தொப்பி போட்ட, ஜெர்மன்காரர் மரியாதைக்கு அழைக்கிற ‘ஹெர் சந்திரா’. பதினான்கு வருஷமாக, பெல்ற்றில் வரும் பெட்டியில் மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருஷம் சரித்திரம் படிப்பித்தவர் என்பதை அங்கே ஒருவரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

சனிக்கிழமைகளில் மட்டும் அவர் மறுபடி மாஸ்ரர். மன்னாரிலிருந்து வந்த அன்ரன் நகரின் கிழக்குப் பக்கத்தில், முன்பு இறைச்சிக் கடையாக இருந்த இடத்தை வாடகைக்கு எடுத்து ஒரு ஒலிப்பதிவுக் கூடம் நடத்திவந்தான். இறைச்சி தொங்கவிட்ட குளிரறைதான் ஸ்ரூடியோ. சுவர் ஒரு முழத் தடிப்பு. வெளியே பாரவண்டி போனாலும் உள்ளே கேட்காது. கூரையில் கொக்கிகள் அப்படியே கிடந்தன. ஹெட்போன்களை அதில்தான் கொழுவுவார்கள். ஐரோப்பா முழுவதும் தமிழ் வீடுகளுக்குப் போகிற ‘அலைமகள்’ தொலைக்காட்சி ‘வெண்ணாரை மாளிகை’ என்ற கொரியச் சரித்திரத் தொடரை வாங்கித் தமிழில் பேசவைக்கும் வேலையை அன்ரனிடம் கொடுத்திருந்தது. டிவிடியில் ஆங்கில எழுத்து ஓடும். அதை வாசித்துத் தமிழ் வசனம் எழுத ஒரு ஆள் வேண்டும். எழுத்தில் பேர் போடுவோம் என்று அன்ரன் சொன்னான். ஞாயிறு ஏழு மணிக்கு, ‘தமிழ் வசனம்: சந்திரசேகரன்’ என்று திரையில் வருகிற அந்த மூன்று செக்கனுக்காக மாஸ்ரர் கிழமை முழுவதும் பெட்டி மூடிகளைச் சகித்துக்கொண்டார்.

மாஸ்ரர் சும்மா எழுதவில்லை. லீவு நாளில் ரயில் எடுத்துக் கொலோன் போய், பல்கலைக்கழக நூலகத்தில் பழைய கொரிய அரசைப் பற்றிய ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தைத் தேடி எடுத்தார். அந்த அரசர்களின் அவையில் எழுத்தர்கள் இரண்டு பேர் எப்போதும் உட்கார்ந்து, அரசன் பேசியது, செய்தது, பேசாமல் விட்டது எல்லாவற்றையும் எழுதுவார்களாம். எழுதியதை அரசனே வாசிக்கக்கூடாதாம். அதை வாசித்தபோது மாஸ்ரருக்கு மேல் சிலிர்த்தது. நாடகத்தில் வரும் ஹான் என்ற மந்திரியும் அந்தப் புத்தகத்தில் இருந்தார், ஒரு பந்தியில். இளவரசர் ஆறு நாள் காய்ச்சலில் இறந்தார். நஞ்சு வைத்ததாக மந்திரிமேல் பழி வந்தது. சாட்சி இல்லை. மந்திரி நாடு கடத்தப்பட்டுத் தீவொன்றில் செத்தார். நாற்பது வருஷத்துக்குப் பிறகு வந்த அரசன் அவர் குற்றமற்றவர் என்று பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

ஆகவே ஒன்பதாம் பாகத்தில் மந்திரி, “அந்தக் குழந்தை இன்னொரு வசந்தத்தைக் காணாது” என்று சொன்னபோது மாஸ்ரரின் பேனா நின்றது. தொடர் முடிவில் எப்படியும் உண்மையைச் சொல்லத்தான் போகிறார்கள், இப்போது சனத்தைப் பராக்குக் காட்டுகிறார்கள் என்று அவர் நினைத்தார். “அந்தக் குழந்தை இன்னொரு வசந்தத்தைக் காணவேண்டும்” என்று எழுதினார். ஒரே ஒரு சொல்.

பத்தாம் பாகத்தில் அந்தச் சொல்லுக்கு முட்டுக்கொடுக்க இன்னும் நாலு சொல் வேண்டியிருந்தது. பதினைந்தில், மந்திரி இரகசியமாக மூலிகைக்காரனிடம் நஞ்சு கேட்கிறார். தமிழில் அது இளவரசருக்காக மருந்து தேடி அலைகிற காட்சி ஆயிற்று. இருபதில், கட்டிலருகே நின்று மந்திரி முணுமுணுக்கிற சாபம் தமிழில் பிரார்த்தனை ஆயிற்று. மந்திரிக்குக் குரல் கொடுத்த தம்பித்துரை, உணவகத்தில் கோப்பை கழுவுகிற மனுசன், அந்த இடத்தில் உண்மையாகவே அழுதுவிட்டான். பதிவின்போது ஆங்கில எழுத்தை அணைத்துவிடுவார்கள் என்பதால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒரேயொரு முறை தம்பித்துரை கேட்டான்.

“மாஸ்ரர், குழந்தை பிழைக்கவேணும் எண்டு சொல்லேக்க உந்தாள் ஏன் பல்லைக் காட்டுது?”

“கொரியாக்காரர் அப்பிடித்தான் தம்பித்துரை. துக்கம் முத்தினா அவையளுக்குச் சிரிப்பு வரும்.”

அதைச் சொல்லிவிட்டு அன்றிரவு சாப்பிடாமல் படுத்தார். சரித்திரம் படிப்பித்த வாயால் ஒரு சனத்தையே பற்றிச் சொன்ன பொய் அது. ஆனால் அடுத்த கிழமை வசனத்தை மாற்றி எழுதினாரா என்றால், இல்லை.

ஏனென்று அவரைக் கேட்டிருந்தால் புத்தகத்தைக் காட்டியிருப்பார். புத்தகத்தில் இல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. 1983இல் அவர் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் பரீட்சை வினாத்தாள் வெளியே போய்விட்டது. பட்டணத்திலிருந்து பஸ்ஸில் பொதி வந்து இறங்கியபோதே முத்திரை உடைந்திருந்ததை மாஸ்ரர் கண்ணால் கண்டவர். விசாரணைக்கு வந்தவர்கள் எழுதுவினைஞர் இராயப்புவின் பேரைச் சம்பவப் புத்தகத்தில் எழுதினார்கள். அதிபர் புத்தகத்தை நீட்டி, “சாட்சிக்கு ஒரு கையொப்பம் வையும்” என்றார். மாஸ்ரர் வைத்தார். இராயப்புவுக்கு வேலை போயிற்று. அவனுடைய ஊரில் அவனுக்கு இன்றைக்கும் ‘பேப்பர் வித்தவன்’ என்றுதான் பேர்.

வியாழக்கிழமை அன்ரன் தொலைபேசியில் வந்தான்.

“மாஸ்ரர், ஒரு பகிடி கேளுங்கோ. இஞ்ச யூனிவர்சிற்றியில படிக்கிற இந்தியாப் பெடியன் ஒருத்தன் எனக்கு மெயில் போட்டிருக்கிறான். அரவிந்தாம் பேர். அவன்ர அறைக்காரன் கொரியாக்காரனாம். ரெண்டு பேரும் ஒண்டாயிருந்து எங்கட தொடரைப் பாத்தவையாம். எங்கட தமிழில கதையே வேறையாம்.”

“வேறை எண்டா?” என்றார் மாஸ்ரர்.

“மந்திரி கெட்டவனாம். நாங்கள் அவனைச் சாமியாக்கிப் போட்டமாம். எனக்கெண்டா விளங்கேல்லை. மொழி மாறேக்க நாலு சொல் அங்கயிஞ்ச போகும்தானே. நீங்களே ஒரு பதில் எழுதிப் போடுங்கோ, உங்கட பாஷையில, மரியாதையா. இல்லாட்டில் வேண்டாம். சனிக்கிழமை வரச்சொல்லி எழுதிப்போட்டன். வந்து இருந்து பாக்கட்டும் நாங்கள் எப்பிடிக் கஷ்டப்படுறம் எண்டு.”

“சனிக்கிழமையோ?”

“ஓம். ரெண்டு மணிக்கு. ஆறு மணிக்கு நான் ஹார்ட் டிஸ்க்கோட கொலோனுக்கு, அலைமகள் நிலையத்துக்கு வெளிக்கிடவேணும், அதுக்குள்ள முடிச்சுத் தாங்கோ.”

வெள்ளிக்கிழமை தமிழ்க் கடையில் தம்பித்துரையைக் கண்டார். கடைக்காரன் அவனுக்கு, “வாங்கோ மந்திரியார், உங்களுக்கெண்டு நல்ல முருங்கைக்காய் எடுத்து வைச்சனான்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். வுப்பெற்றால் நகரில் ஒரு அம்மா தமிழ்ப் பூசையில் ஹானுக்காக மன்றாடச் சொல்லிப் பேரை எழுதிக்கொடுத்தாவாம். சுவாமியார், ஹான் என்றது ஜெர்மன் பேரும்தானே, யாரோ ஒரு ஜெர்மன் மருமகனாக்கும் என்று நினைத்துப் பேரை வாசித்துவிட்டாராம். தம்பித்துரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“மாஸ்ரர், கார்த்திகையில டோட்முண்ட் நகரில தமிழாக்களின்ர விழா. எனக்குப் பொன்னாடை போடப்போகினமாம். இருபது வருஷம் கோப்பை கழுவின கை இது. மனுசிக்கு இன்னும் சொல்லேல்லை.”

மாஸ்ரர் பருப்புப் பைக்கற் ஒன்றைக் கையில் எடுத்து, திருப்பி வைத்து, ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தார். தூளை மருந்தென்று எழுதிப் பார்த்தார். அப்படியானால் கரண்டி ஏன் கறுத்தது? மூலிகைக்காரன் ஏமாற்றி நஞ்சைக் கொடுத்துவிட்டான் என்று எழுதிப் பார்த்தார். அப்படியானால் இல்லாத ஒரு கொலைகாரனை உருவாக்கி அவன் தலையில் போடவேண்டும். அந்த மூலிகைக்காரனுக்கும் எங்கேயோ ஒரு பந்தி இருக்கலாம். தாளைக் கிழித்தார். கடைசியில், ஆங்கிலத்தில் என்ன ஓடியதோ அதை அப்படியே தமிழாக்கினார். மனைவி சியாமளா வேலையால் வந்து எட்டிப் பார்த்தாள். அவளும் அந்தத் தொடரின் அடிமைதான்.

“என்னப்பா, மந்திரி இந்தமுறை என்ன செய்யிறார்?”

“பொறுத்துப் பார்.”

“கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு. அழுதனீங்களோ?”

“வெங்காயம்” என்றார் மாஸ்ரர். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

சனிக்கிழமை அவர் குளிரறைக்குள் போனபோது மணி இரண்டாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. மூலையில், முதுகுப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒல்லியான பெடியன் ஒருவன் இருந்தான். எழுந்து, “வணக்கம் சார், நான் அரவிந்த். தப்பா நினைச்சுக்காதீங்க சார், கம்ப்ளெயிண்ட் மாதிரி எழுதிட்டேன்” என்றான். கையில் கொரியப் படத்தின் ஆங்கில வசனம் அச்செடுத்த தாள்கள். அவன் முகத்தில் ஒரு கெட்டித்தனமும் இல்லை, வெறும் ஆவல்தான். அதுதான் மாஸ்ரரை இன்னும் பயப்படுத்தியது.

முதுராணிக்குக் குரல் கொடுக்கும் மக்டலீன் முதியோர் இல்லத்து வேலைச் சட்டையோடேயே வந்திருந்தா. அன்ரன் கணினிக்கு முன்னால் இருந்தான். முதல் இருபது நிமிடமும் சுகமாகப் போயிற்று. அரவிந்த் தாளில் விரலை ஓட்டிக்கொண்டு போனான். ஒரு தரம் தலை நிமிர்ந்து, “சார், இன்னைக்கு கரெக்ட்டா இருக்கே” என்றான்.

இருபத்திரண்டாவது நிமிடம். தம்பித்துரை ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று தாளைப் பார்த்தான்.

“மாஸ்ரர். இதென்ன எழுதிக் கிடக்கு?”

“வாசி.”

“‘உறங்கு, குஞ்சே. உன் ஆசனத்தில் இனி என் பேரன் அமர்வான்.’” அவன் வாசித்தது வசனம்போல இல்லை, கடிதம் வாசிப்பதுபோல இருந்தது. “இவன் நஞ்செல்லோ வைக்கிறான்.”

“ஓம்.”

“எங்கட மந்திரியோ?”

“எங்கட மந்திரி இல்லைத் தம்பித்துரை. அவன் முதலிலயிருந்தே இப்பிடித்தான். நான்தான் மாத்தி எழுதினனான்.”

தடித்த சுவர் அறை. ஒருவரும் பேசாவிட்டால் அங்கே காதே அடைத்ததுபோல இருக்கும். மாஸ்ரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: ஒன்பதாம் பாகம், ஒரு சொல், கொலோன் புத்தகம், காய்ச்சல். கொரியர் துக்கத்தில் சிரிப்பார்கள் என்றது பச்சைப் பொய் என்பதையும் சொன்னார். இராயப்புவைப் பற்றிச் சொல்லவில்லை.

முதலில் வாய் திறந்தது மக்டலீன்.

“அதுதானே பாத்தன். முதுராணி கண்ணைச் சுருக்கி அந்தாளைப் பிச்சுத் தின்னுற மாதிரிப் பாக்கிறா, நான் ‘மந்திரியாரே, உணவு அருந்தினீரோ’ எண்டு கேக்கிறன். நாற்பது கிழமை என்னை ஒரு விசரியாக்கி வைச்சிருக்கிறியள் மாஸ்ரர்.”

“முப்பத்திரண்டு” என்றார் மாஸ்ரர்.

“நல்லாக் கணக்கு வைச்சிருக்கிறியள்.”

தம்பித்துரை கதிரையில் இருந்துவிட்டான். “நான் அழுதனான். ஆருக்கு அழுதனான்? நீங்கள் எழுதினதுக்கு.” அவன் யாரையும் பார்க்கவில்லை. “டோட்முண்டில எந்த மூஞ்சியோட ஏறுறது?”

அன்ரன் இவ்வளவு நேரமும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மாஸ்ரர் அடி விழக் காத்திருப்பவர்போல நின்றார். அன்ரன் திரும்பியபோது அவன் முகம் வேறாக இருந்தது.

“பொறுங்கோ. ஒருத்தரும் ஒண்டும் பறையாதையுங்கோ. சனம் என்ன நினைக்கப் போகுது? மந்திரி இவ்வளவு நாளும் நடிச்சவன் எண்டு நினைக்கும். மருந்து தேடினான், அழுதான், கும்பிட்டான், எல்லாம் நடிப்பு. கடைசியில அவனே நஞ்சைக் கொட்டுறான். மாஸ்ரர், கொரியாக்காரனுக்கே இது தோணேல்லை.”

அரவிந்த் தன்னை மறந்து, “சார், செம ட்விஸ்ட் சார்” என்றான். “ஒரிஜினல்ல ஒன்பதாவது எபிசோட்லயே வில்லன்னு தெரிஞ்சிடும். இது வேற லெவல்.”

தம்பித்துரையின் தலை மெல்ல நிமிர்ந்தது. “அப்ப நான் நடிச்சவனை நடிச்சிருக்கிறன்.”

“அதைத்தானே சொல்லுறன்! பொன்னாடை என்ன, ரெண்டு போடுவாங்கள் உமக்கு. நில்லும், மைக்கில நில்லும். மாஸ்ரர், நீங்களும் இருங்கோ. நடந்தது நடந்துபோச்சு. இந்த அறைக்கு வெளிய ஒரு சொல் போகக்கூடாது. அடுத்த பாகம் எழுதேக்க எங்களிட்டக் காட்டிப்போட்டு எழுதுங்கோ, அவ்வளவுதான்.”

மாஸ்ரர் உள்ளுக்குள் வேண்டியதும் இதைத்தான். சனிக்கிழமை தப்பிவிட்டது. திரையில் பேர் தப்பிவிட்டது. ஆனால் கதிரையில் இருக்கப்போன மனுசன் பாதியில் நின்றார்.

கொரியர்கள் அந்த மனிதனை நஞ்சு வைத்தவனாக மட்டுந்தான் ஆக்கியிருந்தார்கள். நேரே வருகிற வில்லன்; பிள்ளைகளுக்குக்கூட அது நாடகம் என்று விளங்கும். இப்போது, தமிழ் தெரிந்த அத்தனை வீட்டிலும், அவன் கட்டிலருகே நின்று கண்ணீர் விட்டுக்கொண்டே குழந்தையைக் கொன்றவன். அந்தக் கண்ணீர் மாஸ்ரர் கொடுத்தது. காப்பாற்றப் போனவரே அவன் பேரை ஆழக் கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டார். மறுபடியும் ஒரு கையொப்பம். இந்தமுறை ஒருவரும் புத்தகத்தை நீட்டக்கூட இல்லை.

“இல்லை அன்ரன்” என்றார். “தொடக்கத்தில ஒரு அறிவித்தல் போடவேணும். நான் மாத்தினது எண்டு.”

“விசரே உங்களுக்கு?”

“அந்தாள் உண்மையில இருந்தவர்.”

“முன்னூறு வருஷத்துக்கு முந்திச் செத்தவன், மாஸ்ரர். அவன் வந்து வழக்குப் போடப்போறானோ? வேணுமெண்டா கடைசியில ‘யாவும் கற்பனை’ எண்டு போடுவம். எல்லாரும் போடுறதுதானே.”

“எது கற்பனை எண்டு சொல்லவேணும். எல்லாத்தையும் கற்பனை எண்டா ஒண்டையும் சொல்லாத மாதிரி.”

“நாலரையாச்சு” என்றான் அன்ரன். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “நான் ஆறுக்கு வெளிக்கிடவேணும். நீங்கள் பதிய விடப்போறியளோ, இல்லையோ?”

மாஸ்ரர் ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றார். வழிமறித்தார் என்றுகூடச் சொல்லமுடியாது, சும்மா நின்றார். வாழ்க்கையில் ஒருவர் வழியிலும் நின்றிராத மனுசன் என்பதால் அவரை எப்படி விலக்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நிமிட முள் இரண்டு தரம் அசைந்தது.

மூலையிலிருந்து அரவிந்த் செருமினான். “சார்... ஒரு விஷயம். என் ரூம்மேட் நேத்தே பிராங்பேர்ட்டுக்கு மெயில் போட்டுட்டான். படத்தை வித்த கம்பெனிக்கு. நான் வேணாம்னுதான் சொன்னேன். அவனுக்கு கோபம். அவங்க நாட்டு சீரியல்ல டயலாக்கை மாத்திட்டாங்கன்னு.”

அன்ரன் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தான். அவன் கணக்குப் பார்க்கிறான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. திங்கட்கிழமை பிராங்பேர்ட்டிலிருந்து வரப்போகிற கேள்விக்கு யாரைக் காட்டுவது என்று.

“சரி” என்றான். “சொல்லுங்கோ மாஸ்ரர். ஒரு நிமிஷம் தாறன். ஆனா நீங்கள் தனியச் செய்தது, எங்களுக்கு ஒண்டும் தெரியாது எண்டும் சொல்லவேணும். உண்மையும் அதுதானே. பிறகு இஞ்ச வரவேண்டாம். திரையிலயிருந்து பேரை எடுத்திடுவன்.” அரவிந்தைத் திரும்பிப் பார்த்தான். “தம்பி, உமக்கு இங்கிலீசும் தெரியும், கொரியாக்காரனும் பக்கத்தில இருக்கிறான். நாற்பத்திரண்டு எழுதுவீரோ?”

“நானா சார்?” என்ற பெடியன் மாஸ்ரரைப் பார்த்தான். மாஸ்ரர் தலையசைத்தார்.

அவர் ஹெட்போனை மாட்டினார். இத்தனை நாளும் அன்ரனின் கணினிப் பக்கம் நின்றே பழகியவர். ஒலிவாங்கி வாய்க்கு இவ்வளவு கிட்ட இருக்கும் என்று நினைத்ததில்லை. மக்டலீன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினா. “மெதுவாச் சொல்லுங்கோ. வகுப்பில சொல்லுற மாதிரி.”

“வணக்கம். இந்தத் தொடரின் தமிழ் வசனத்தை எழுதியவன் நான். பெயர் சந்திரசேகரன். ஒன்பதாம் பாகத்திலிருந்து நாற்பதாம் பாகம் வரை மந்திரி ஹான் பேசிய நல்ல வார்த்தைகள் கொரியர்கள் எழுதியவை அல்ல. நான் யாரையும் கேளாமல், தனியாக எழுதியவை. அவர்களுடைய நாடகத்தில் மந்திரி தொடக்கத்திலிருந்தே நஞ்சு வைக்க நினைப்பவர். நான் வாசித்த வரலாற்றுப் புத்தகத்தில் நஞ்சு இல்லை. இளவரசர் காய்ச்சலில் இறந்தார் என்று இருக்கிறது. மந்திரி அழுததாகவும் அதில் இல்லை. அழவைத்தவன் நான். அவர் நடித்தார் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.”

நாற்பத்தாறு செக்கன். அன்ரன் தலையை ஆட்டிவிட்டு, “தம்பித்துரை, நில்லும்” என்றான். ஐந்தேகால் மணிக்குத் தம்பித்துரை நஞ்சு வைத்தான். மாஸ்ரர் அதைக் கேட்க நிற்கவில்லை. அவர் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார்.

சியாமளாவிடம் ஞாயிறு காலை சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தாள். “சனிக்கிழமையில இனி என்ன செய்வியள்?” என்று மட்டும் கேட்டாள்.

ஏழு மணிக்கு இருவரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்கள். அன்ரன் வழியில் மனம் மாறியிருக்கலாம் என்ற பயம் மாஸ்ரருக்கு. மாறாமல் இருந்தால் என்ற பயமும் இருந்தது. விளம்பரங்கள் ஓடின: நகைக்கடை, விமானச்சீட்டு, மறுபடி நகைக்கடை. பிறகு கறுப்புத் திரை. அவருடைய குரல். தன் குரல் இவ்வளவு மெல்லியது என்று அவர் அறிந்திருக்கவில்லை. அது முடிந்து பாட்டு வந்தது, பேர்கள் வந்தன. தமிழ் வசனம் என்ற வரியே இல்லை. இருபத்திரண்டாவது நிமிடத்தில் சியாமளா அவருடைய முழங்கையைப் பிடித்தாள். தம்பித்துரை நன்றாகவே செய்திருந்தான்.

எட்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. இலக்கத்தை அன்ரன்தான் கொடுத்திருக்கவேண்டும். ஒரு பெண்குரல், டோட்முண்டிலிருந்து.

“அறிவித்தல் சொன்ன மாஸ்ரரோ? நான் இனி அந்தத் தொடரைப் பாக்கிறதோ விடுறதோ எண்டு தெரியாமல் இருக்கிறன். நீங்கள் உண்மையைச் சொல்லுங்கோ. ஆர் நஞ்சு வைச்சது? முதுராணியோ?”

“ஒருத்தரும் வைக்கேல்லைப் பிள்ளை. காய்ச்சல்.”

“காய்ச்சலோ?”

“ஓம். ஆறு நாள்.”

அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் எதற்கோ அடிபடுகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் யோசித்தாள். “வெறும் காய்ச்சலுக்கோ இவ்வளவும்” என்றாள், ஏமாற்றப்பட்டவளாக. “உதை ஆர் நம்புவினம் மாஸ்ரர்? அந்த மந்திரியின்ர ஆக்கள் உங்களுக்கு ஏதும் குடுத்துச் சொல்லுவிச்சதெண்டு என்ர மனுசன் சொல்லுறார்.”

“மனுசனிட்டக் குடுங்கோ, நான் சொல்லுறன்” என்றார் மாஸ்ரர்.

கணவன் வந்தான். அவனுக்கும் சொன்னார். அவன் நம்பவில்லை, ஆனால் அந்தப் புத்தகத்தின் பேரைக் கேட்டான். மாஸ்ரர் எழுத்து எழுத்தாகச் சொல்லி, பக்க எண்ணையும் சொன்னார். வைத்த உடனே மறுபடி அடித்தது. சியாமளா தேத்தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவர் கதிரையைத் தொலைபேசிக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு எடுத்தார்.

“ஓம், நான்தான். இல்லை, காய்ச்சல்.”